எழுத்தாணி தாங்கிய நகம்



நமது உடம்பிலே நாம் மிகக் குறைவாக எண்ணிப் பார்க்கும் பகுதி எது என்று கேட்டால், நகம் என்றுதான் நான் சொல்வேன். வளர்ந்தால் வெட்டுகிறோம். வெட்டிய துண்டு வீட்டுக்குள் விழுந்தால் பெரியவர்களிடம் ஏச்சு வாங்குகிறோம். பிரியாத நட்பைச் சொல்வதற்கு 'நகமும் சதையும் போல' என்று ஒரு முறை அதன் பேரைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த நகத்தைப் பற்றி ஓர் இலக்கியப் பேச்சா என்று நீங்கள் எண்ணக்கூடும். தமிழ் இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைத் தேடிப் போனால், அந்த வழியிலே ஒரு நகம் நிற்கிறது. இன்றைய பேச்சு அந்த நகத்தின் வரலாறு.

நகம் என்பது வடமொழி வழியாக நமக்கு வந்த சொல். பழந்தமிழ்ச் சொல் உகிர். கன்னடத்தில் இன்றைக்கும் உகுரு என்கிறார்கள், தெலுங்கில் கோரு. நாம்தான் அந்தச் சொல்லைப் பேச்சிலிருந்து நழுவவிட்டு விட்டோம். சங்கப் புலவர்கள் புலியின் உகிரைப் பாடினார்கள். காதலர் பதித்த நகக்குறியை அகப்பாடல்களும் பின்வந்த சிற்றிலக்கியங்களும் பாடின. கம்பர் இரணியன் வதைப் படலத்தில் நரசிங்கத்தின் உகிரைப் பாடினார். மருதோன்றி இட்டுச் சிவந்த பெண்களின் நகத்தைப் பாடியவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால், இத்தனை பாடல்களையும் ஓலையில் ஏற்றி நூற்றாண்டுகளைக் கடத்திவிட்ட ஒரு நகம் உண்டு. அது ஏடெழுதியவரின் இடக்கைப் பெருவிரல் நகம். அதைப் பாடிய புலவர் ஒருவரையும் நான் படித்தவரையில் கண்டதில்லை.

அந்த நகம் என் கவனத்துக்கு வந்தது ஒரு வகுப்பறையில். சில ஆண்டுகளுக்கு முன் தரம் 11 மாணவர்களுக்கு ஏட்டுச் சுவடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தாணி என்பது கூரிய இரும்பு. அதனால் ஓலையிலே கீறி எழுதுவார்கள் என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், இரும்பால கீறினா ஓலை கிழியாதா? கை வழுக்காதா?"

எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த நாள் காய்ந்த பனையோலை ஒன்றை நறுக்கி, ஒரு தடித்த ஊசியைக் கட்டையிலே பொருத்தி, வகுப்பிலேயே எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்து 'அ'. பேனாவைப் பிடிப்பதுபோலப் பிடித்தேன். சுழியிலே ஊசி வழுக்கியது. கீழே இழுக்கும்போது ஓலை பிளந்தது. நாற்பது வயதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவருக்கு ஓலையிலே 'அ' எழுதத் தெரியவில்லை என்பதைப் பிள்ளைகள் நன்றாக இரசித்தார்கள்.

விடை டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் கிடைத்தது. 1855இல் பிறந்து 1942இல் மறைந்த அவர், ஓலையில் படித்து, ஓலையில் எழுதி, ஓலையிலிருந்ததை அச்சிலேற்றிய தலைமுறையைச் சேர்ந்தவர். தம் காலத்து எழுத்துப் பழக்கங்களை அந்த நூலிலே அவர் விரிவாகச் சொல்கிறார். ஏடெழுதுகிறவர்கள் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளரவிடுவார்கள். அதிலே பிறை வடிவாக ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வார்கள். எழுத்தாணியை அந்தப் பள்ளத்திலே பொருந்த வைத்து எழுதுவார்கள். இதுதான் இரகசியம். எழுத்தாணியை வலக்கை பிடிக்கிறது. அதை வழுக்காமல் தாங்குவது இடக்கை நகம். எழுத்தாணிக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று கொல்லன் அடித்த இரும்பு. மற்றது எழுதுகிறவன் தன் உடம்பிலே வளர்த்தது.

காகிதத்தில் எழுதும்போது தாள் அசையாமல் கிடக்கிறது, கை நகர்கிறது. ஓலையில் எழுதும்போது முறை வேறு. ஓலையை இடக்கை ஏந்திக்கொள்கிறது. எழுத்தாணி நகப்பள்ளத்தில் நின்றபடி சிறிதளவே அசைகிறது. எழுத எழுத ஓலையை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மேசை கிடையாது; மடியும் கையுமே மேசை. இருந்தபடியும் நடந்தபடியும் எழுதவல்லவர்கள் இருந்தார்கள் என்றால், எழுத்தாணிக்கு ஊன்றுகோல் விரலிலேயே இருந்ததுதான் காரணம்.

ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. அந்த வாக்கிலே அழுத்தி ஒரு நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். குத்திப் புள்ளி வைத்தால் துளை விழும். அதனாலேதான் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். கால் எது, ரகரம் எது என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்து உணர வேண்டும். சிங்களம், ஒரியா, பர்மிய எழுத்துகள் வட்டமாக அமைந்ததற்கும் ஓலைதான் காரணம் என்று எழுத்தாய்வாளர் சிலர் சொல்வதுண்டு. இரும்பு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை அந்த வேளையில் உணர்ந்து சொல்வது நகம். வலக்கை அழுத்துகிறது; நகம் 'போதும்' என்கிறது. என் வகுப்பறைப் பரீட்சையில் இல்லாமற்போனது அந்தப் 'போதும்'தான்.

எழுத்தாணியிலே வகைகள் இருந்தன. கொண்டை பருத்துக் கனமாயிருப்பது குண்டெழுத்தாணி, நீண்டது வாரெழுத்தாணி, கத்தியோடு சேர்த்து மடக்கி வைத்துக்கொள்வது மடக்கெழுத்தாணி. இவற்றைக் கொல்லனிடமோ கடையிலோ வாங்கலாம். நகத்தை எங்கே வாங்குவது? அதை வளர்க்கத்தான் வேண்டும்.

நகத்தை வளர்ப்பது என்றவுடனே சீன தேசத்து ஞாபகம் சிலருக்கு வரும். அங்கே கற்றவர்களும் உயர்குடியினரும் விரல் நகங்களை நீள வளர்த்தார்கள். சிங் வம்சத்து அரசகுலப் பெண்கள், பேரரசி சிசி உட்பட, அந்த நகங்கள் முறியாதபடி பொன்னாலும் வெள்ளியாலும் உறை செய்து அணிந்தார்கள். அந்த நகம் 'இவருக்குக் கையால் வேலை செய்ய வேண்டிய நிலை இல்லை' என்று ஊருக்கு அறிவித்தது. நம் ஏடெழுதியவரின் நகம் அதற்கு நேர்மாறானது. 'இவர் கையால் வேலை செய்கிறவர்' என்பதற்கு அதுவே அடையாளம்.

நல்ல நகம் எப்படி உண்டாகிறது? நகம் என்பது கெரட்டின் என்ற புரதத்தாலான மெல்லிய அடுக்குகள். நாம் காணும் தகட்டுக்கு உயிரில்லை. அதனாலேதான் வெட்டினால் நோவதில்லை. உயிர் இருப்பது அடியிலே, தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில். பெருவிரல் நகத்தின் அடியிலே வெண்மையாக ஒரு பிறை தெரிகிறதல்லவா? அது அந்த வேரின் வெளியே தெரியும் ஓரம். வேர் புதிய நகத்தை உண்டாக்கிப் பழையதை முன்னே தள்ளிக்கொண்டேயிருக்கிறது. எங்கள் வாவிக்கரைப் பெண்களுக்கு இதை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டுக்கு மருதோன்றி அரைத்துப் பூசினால் தோலிலிருக்கும் சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்துச் சிவப்போ போகாது. சாயம் கெரட்டினோடு பிணைந்துவிடுகிறது. நாளாக நாளாக அடியிலே வெள்ளை தோன்றிச் சிவப்பு நுனியை நோக்கி நகரும். கடைசியில் நகத்தோடு சேர்த்து வெட்டப்படும்.

இந்த நகர்வை அளந்து பார்த்த ஒருவர் உண்டு. அமெரிக்க வைத்தியர் வில்லியம் பீன் என்பவர் தம் சொந்த நகத்திலே அடியில் கோடு கீறி, அது நுனிக்கு வந்துசேரும் நாளைக் கணக்கிட்டார். ஒரு நாள் இரு நாளல்ல, 35 ஆண்டுகள். 1980இல் அதன் முடிவை வெளியிட்டார். அவருக்கு 32 வயதாயிருந்தபோது நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீற்றராகக் குறைந்துவிட்டது. அவர் எடுத்துக்காட்டாகத் தந்த கணக்கு எந்த நகத்தினுடையது தெரியுமா? இடக்கைப் பெருவிரல் நகத்தினுடையது! நம் ஏடெழுதியவர்களின் அதே நகம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். நாளுக்குப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் என்றால் மாதம் 3 மில்லிமீற்றர். எழுத்தாணிக்காக வெட்டிய பிறை ஒரே இடத்தில் நிற்காது. மாதத்துக்குள் அது நுனிக்கு நகர்ந்து தேய்ந்துவிடும். பழைய பள்ளத்தை வெட்டி எறிந்து, புதிய பள்ளம் செதுக்க வேண்டும். ஐந்தாறு மாதத்தில் முழு நகமுமே புதிது. ஆறு மாதம் எடுத்து ஒரு புராணத்தை ஏட்டில் எழுதி முடித்தவர், தொடங்கிய நகத்தோடு முடித்திருக்க முடியாது. நகம் மாறியது, எழுத்து மாறவில்லை. வேரிலே ஒரு பிறை, நுனியிலே ஒரு பிறை. ஒன்று இயற்கை தந்தது, மற்றது கல்வி தந்தது.

அப்படியானால் அந்த நகத்தைப் பேணியாக வேண்டும். நகத்துக்கு முதற் பகை தண்ணீர். நனைந்தால் நகத்தின் அடுக்குகள் ஊறிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நாள் முழுவதும் நனைவதும் காய்வதுமாக இருந்தால் அடுக்குகள் பிரிந்து நுனி உரியும். வாவியில் வலை இழுப்பவர்களையும் வயலில் களை பிடுங்குபவர்களையும் சட்டி பானை கழுவும் நம் வீட்டுப் பெண்களையும் கேட்டால் சொல்வார்கள். கழுவிய கையை ஈரம் போகத் துடைப்பதும், சிறிது எண்ணெய் தடவுவதும், நுனி கொழுவி முறியாதபடி வெட்டி ஒழுங்காக வைத்திருப்பதும் இன்றைய தோல் வைத்தியர்களும் சொல்லும் முறைதான். உணவிலே புரதமும் இரும்புச் சத்தும் குறையக்கூடாது. இரும்புச் சத்து மிகக் குறைந்தால் நகம் நடுவிலே குழிந்து கரண்டி போலாகிவிடும். அப்படிக் குழிந்த மெல்லிய நகம் எழுத்தாணியைத் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. கடும் காய்ச்சல் வந்து மாறினால், சில வாரம் கழித்து நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக் கோடு தோன்றும். பிரெஞ்சு வைத்தியர் போ என்பவர் 1846இல் இதை விளக்கி எழுதினார். வேர் சிறிது காலம் வேலையை நிறுத்தியதற்கான சாட்சி அது. கோடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், நோய் எப்போது வந்தது என்று சொல்லிவிடலாம். நகமும் ஓர் ஏடுதான். அதிலே எழுதுவது உடம்பு.

இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது பிறகுதான். அதற்கு வெகு காலம் முன்பே என் அம்மம்மா சொல்லியிருந்தா. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அம்மம்மாவின் தகப்பனார், எனக்குப் பூட்டனார், எழுவான்கரையிலே ஒரு பரியாரியார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் ஊரில் வீடு. தோணியிலே படுவான்கரைக்குப் போய் வைத்தியம் பார்த்து வருவாராம். வைத்திய ஏடுகளைத் தாமே பிரதி செய்து வைத்திருந்தார். அம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய இடக்கைப் பெருவிரலுக்கு நல்லெண்ணெய் தடவிவிடுவது அவவின் வேலை.

"அந்த நகத்த ஆரும் தொடப்படாது மனே. அது எழுதுற நகம். அப்பா அந்தக் கையால தேங்காயும் உரிக்கமாட்டார். எங்களக் கிள்ளுறதெண்டாலும் மத்தக் கையாலதான் கிள்ளுவார்" என்று சொல்லிச் சிரிப்பா.

மற்ற ஒன்பது விரலிலும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாராம். மருந்து அரைக்கிற கையில் அழுக்கு இருக்கக்கூடாது. அந்த ஒன்று மட்டும் தனி. ஒரு முறை வாசற்படியில் விரல் நசுங்கி அந்த நகம் கழன்று போனதாம். புது நகம் வரும்வரை அரை வருசம் ஏடு எழுதாமல் இருந்தாராம். "அந்த அரை வருசமும் அப்பா ஆரோடயும் முகங்குடுத்துப் பேசல்ல" என்றா அம்மம்மா. அதைக் கேட்டபோது, இது என்ன பெரிய கவலை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அந்த மனுசரின் கவலை எனக்குப் புரிகிறது.

பூட்டனாரைப் போன்றவர்கள் இந்த வாவியின் இரு கரையிலும் ஊருக்கு ஒருவர் இருவராவது இருந்தபடியால்தான் மட்டக்களப்பின் சொத்துகள் நமக்கு மிஞ்சின. வைகாசி மாதம் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கும். திருக்குளிர்த்தியோடு அது நிறைவுறும். அந்த நாட்களில் கட்டாடியாரின் முன்னிலையில் 'கண்ணகி வழக்குரை' ஏட்டை விரித்துப் பாடுவார்கள். அதே கதை யாழ்ப்பாணத்திலே 'கோவலனார் கதை'யாகவும் வன்னியிலே 'சிலம்பு கூற'லாகவும் வழங்கியது. எழுதியவர் கைக்குக் கை, ஊருக்கு ஊர் பாடம் சிறிது சிறிதாக வேறுபட்டது. அந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் 'கண்ணகி வழக்குரை'யைப் பதிப்பித்தார். அதற்கு முன் 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலைத் தந்தவரும் அவரே. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மிய'த்தைப் பதிப்பித்தார். வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பாட்டும் தருவும் அண்ணாவிமாரின் ஏட்டிலே இருந்தவை. பின்னரே அவை கொப்பிக்கு மாறின. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட 'யாழ்நூ'லுக்கும் அடிப்படை, ஏட்டிலிருந்து அச்சேறிய சிலப்பதிகாரமும் அதன் உரைகளுமே. காரைதீவிலே பிறந்த அந்தப் பெருமகனுக்கும் முகந்தெரியாத ஏடெழுதுநர் ஒருவரின் நகம் உதவியிருக்கிறது.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஓலை நிலையான பொருளல்ல. பூச்சி அரிக்கும், ஈரம் பூக்கும், உலர்ந்தால் முறியும். நம்முடைய காலநிலையில் நூறு, இருநூறு ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். சங்க நூல்கள் இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தன என்றால், ஓலை வாழ்ந்ததனால் அல்ல. பழைய ஓலை உதிருமுன் எவரோ ஒருவர் புதிய ஓலையில் எழுதி வைத்ததனால். நகத்தைப் போலத்தான் இதுவும். வெளியே தெரியும் தகட்டுக்கு உயிரில்லை. வேர் தள்ளிக்கொண்டேயிருக்கும் வரைதான் நகம். பிரதி செய்கிறவர் இருக்கும் வரைதான் ஏடு.

அந்த வேர் எப்போது ஓய்ந்தது? நாட்டிலே ஓலைக்கு மதிப்பிருந்த காலத்தை ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் பார்த்திருக்கிறார். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பியவர். 1681இல் இலண்டனில் வெளியான தம் நூலிலே, இங்குள்ளவர்கள் தாளிப்பனை ஓலையில் இரும்பு ஊசியால் எழுதுவதை விவரித்தார். 1814இல் உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். காகிதமும் இறகுப் பேனாவும் பள்ளிக்கூடத்து வழக்கமாயின. 1849இல் ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனார். 1887இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையிலே மனம் நொந்து எழுதினார். அவர்கள் இருவரும் பிந்தியிருந்தால் எத்தனையோ நூல் நமக்குப் பெயராக மட்டுமே எஞ்சியிருக்கும்.

அச்சு வந்தது நல்லதற்குத்தான். அதிலே எனக்குக் குறையில்லை. ஆனால் அச்சேறாத ஏடுகளுக்கு என்ன நடந்தது? முன்பு ஏடு பழசானால் புதிது எழுதினார்கள். பிறகு எழுதுவாருமில்லை, எழுதும் நகமுமில்லை. பழைய ஏடு பரணிலேயே கிடந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி எங்கள் மாவட்டத்துக் கூரைகளைப் பிடுங்கியது. கூரைக்குக் கீழே இருந்ததெல்லாம் மழையில் கிடந்தது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து ஜுன் பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் 2004 டிசெம்பர் 26.

அன்று கடல் எங்கள் அம்மம்மா வீட்டுக்குள்ளும் வந்தது. உயிர்ச்சேதம் எங்கள் குடும்பத்தில் இல்லை, அயலிலே நிறைய. இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் போனபோது, சேற்றுக்குள்ளிருந்து பூட்டனாரின் ஏட்டுக் கட்டு ஒன்று கிடைத்தது. மரச் சட்டமும் கயிறும் அப்படியே இருந்தன. கயிற்று நுனியிலே கிளிமூக்குக்கூடக் கழரவில்லை. நான் அப்போது பல்கலைக்கழகப் படிப்பை முடித்து ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த காலம். தமிழ் படித்தவன் என்ற தைரியத்தில் கட்டை அவிழ்த்து, ஏடுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, முற்றத்திலே பாய் விரித்து நல்ல வெயிலில் காயப் போட்டேன்.

மத்தியானத்துக்குள் ஓலைகள் சுருண்டன. பின்னேரம் எடுக்கப் போனபோது நரம்பு நரம்பாகப் பிளந்து கைக்குள்ளேயே முறிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட இதழிலே முப்பதைத்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது. நனைந்த ஓலையை நிழலிலே, காற்றோட்டத்திலே, மெல்லிய பாரம் வைத்து மெதுவாக உலரவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கடல் விட்டுவைத்ததை நான் வெயிலுக்குக் கொடுத்தேன். அம்மம்மா ஒன்றும் ஏசவில்லை. முறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பழைய சீலையிலே முடிந்து வைத்துவிட்டு, "அப்பா இருந்தா திருப்பி எழுதியிருப்பார் மனே" என்று மட்டும் சொன்னா.

இருபது ஆண்டு கடந்தும் அந்த ஒரு வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பூட்டனார் ஓலை முறிந்ததற்காகக் கலங்கியிருக்கமாட்டார். முறிவது ஓலையின் இயல்பு என்று அவருக்குத் தெரியும். நகம் கழன்றபோதுதான் அவர் கலங்கினார். ஏனென்றால் நகம் இருந்தால் ஓலையை மீட்கலாம். ஓலை மட்டும் இருந்தால் நகத்தை மீட்க முடியாது. நாங்கள் இதை மறுபக்கமாகப் பிடித்துக்கொண்டோம். ஏட்டைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டோம். அதை வாசிக்கவும் எழுதவும் தெரிந்த கையைப் பேணவில்லை.

எஞ்சிய முப்பது இதழையும் சில ஆண்டுகளுக்கு முன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். புள்ளியில்லாத எழுத்து, முதல் இதழுக்கு மூன்று நாள் எடுத்தது. இப்போது எல்லாவற்றையும் கொப்பியிலே எழுதி முடித்துவிட்டேன். அதிலே காய்ச்சலுக்கு மருந்து உண்டு, நகச்சுத்திக்கும் மருந்து உண்டு. மருந்து பலிக்குமா என்பதை வைத்தியம் படித்தவர்கள் சொல்லட்டும். அந்தப் பக்கங்களை மீண்டும் ஒருவர் வாசிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்ததிலே பூட்டனாருக்கு நான் பட்ட கடனில் ஒரு சிறு பங்கு தீர்ந்தது.

நேயர்களே, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்னும் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களில் ஏடுகள் கிடக்கின்றன. வைத்தியம், சோதிடம், மந்திரம், கூத்து, காணிக் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். தயவுசெய்து அவற்றை வெயிலில் போடாதீர்கள். பொலித்தீன் பையிலே இறுகக் கட்டி வைக்காதீர்கள். பழசு என்று வாவியிலே விடாதீர்கள். உலர்ந்த இடத்திலே பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டத்தைப் போன்ற முயற்சிகள் ஈழத்துத் தமிழ் எழுத்துகளைப் படமெடுத்துக் கணினியிலே சேர்த்து வருகின்றன. படமெடுத்தால் ஓலை உங்களிடமே இருக்கும். எழுத்து உலகத்துக்குப் போகும். அதுவும் ஒரு வகைப் பிரதி செய்தல்தான்.

ஆனால் படமெடுத்தது மட்டும் போதாது. படத்தை வாசிக்க ஆள் வேண்டும். அதனால் என் வகுப்பிலே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் வாரத்தில், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஓலை நறுக்குக் கொடுப்பேன். ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன்: இடக்கைப் பெருவிரல் நகத்தை மட்டும் வெட்டாதீர்கள், கடிக்காதீர்கள், சுத்தமாக வைத்திருங்கள், இரவிலே ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். அந்த நாளில் ஓரத்தை அராவி ஒரு சிறு பிறை எடுத்துக்கொள்வோம். எழுத்தாணியை அதிலே சாய்த்து எழுதுவோம். எழுதி முடித்த பிறகு விளக்குக் கரியும் எண்ணெயும் கலந்து தடவித் துடைத்தால், கீறலாகக் கிடந்ததெல்லாம் கறுப்பு எழுத்தாகத் தெளிந்து வரும். அந்த வேளையிலே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அன்றைக்கு 'ஓலை கிழியாதா' என்று கேட்ட பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்தில். போன வருசம் அவன் எழுதிய ஓலை ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தான். அம்மம்மாவின் சீலை முடிச்சிலிருந்த பூட்டனாரின் ஏட்டில் ஒரு பக்கம். அவன் கையால் திருப்பி எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஓலை ஓரிடத்திலும் பிளக்கவில்லை.